குழப்பும் ஆங்கிலச் சொற்கள்: கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன் இணைய அகராதிகள் எப்படி?

‘ரைஸ்’ஸா ‘ரெய்ஸ்’ஸா, ‘பாரோ’வா ‘லெண்ட்’டா என்று எழுதும்போதே கை தயங்குகிறவர்களுக்கு இணையத்தில் உதவிக்குப் பஞ்சமில்லை. குழப்பும் சொற்களின் பட்டியல்கள் கொட்டிக் கிடக்கின்றன. பெரும்பாலானவற்றில் ஒரு சொல், பக்கத்தில் ஒரு பொருள், அதோடு சரி. அவற்றையெல்லாம் விட்டுவிட்டு, கற்பவர்களுக்கென்றே எழுதப்பட்ட மூன்று இலவச இணைய அகராதிகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்வோம்: கேம்பிரிட்ஜ், ஆக்ஸ்ஃபோர்டு, லாங்மன். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரியும், அப்படி இல்லை. காரணத்தோடு விளக்கம் வேண்டுமென்றால் கேம்பிரிட்ஜ். எழுதிக்கொண்டிருக்கும்போதே சந்தேகம் தீர வேண்டுமென்றால் ஆக்ஸ்ஃபோர்டு. சரியான சொல்லை எடுத்தும் வாக்கியம் இடறுகிறது என்றால் லாங்மன்.

முதலில் கேம்பிரிட்ஜ். இதன் அகராதிப் பகுதி பலருக்கும் பழக்கம். நம் வேலைக்கு வேண்டியது அதை ஒட்டியே இருக்கும் இலக்கணப் பகுதி. 2011-இல் வந்த ‘இங்கிலிஷ் கிராமர் டுடே’ என்ற நூலை அடிப்படையாகக் கொண்டது அது. தளத்தில் ‘கிராமர்’ என்பதைத் திறந்தால் ஏழு பெரும் பிரிவுகள் வரும். அவற்றில் ஒன்று ‘ஈஸிலி கன்ஃப்யூஸ்டு வேர்ட்ஸ்’. அதற்குள் 100-க்கும் மேற்பட்ட தலைப்புகள். ‘ஹியர் ஆர் லிசன்’, ‘சே ஆர் டெல்’, ‘டூ ஆர் மேக்’, ‘லே ஆர் லை’, ‘லுக் அட், சீ ஆர் வாட்ச்’ என்று ஒவ்வொன்றும் ஒரு கேள்வியாகவே நிற்கும். உள்ளே சின்னச் சின்னப் பத்திகள், எடுத்துக்காட்டு வாக்கியங்கள். பல பக்கங்களில் கற்பவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழையும் குறுக்கே கோடிட்டு அடிக்கப்பட்ட வாக்கியமாக அருகிலேயே இருக்கும். இந்தப் பகுதியின் உண்மையான மதிப்பு அந்த அடித்த வாக்கியத்தில்தான். சரியானதை மட்டும் படித்துக்கொண்டு போனால், நாம் எழுதுவது தவறு என்று உறைப்பதே இல்லை.

குறையும் உண்டு. தலைப்புகள் அகரவரிசையில் அடுக்கப்பட்டிருக்கின்றன. எழுத்துக் குழப்பம், பொருள் குழப்பம், இலக்கணக் குழப்பம் மூன்றும் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. ‘ப்ரின்ஸிபல்’ என்ற ஒலிக்கு இரண்டு எழுத்துக்கூட்டல் இருப்பதும், ‘சே’, ‘டெல்’ இரண்டுக்கும் தமிழில் ‘சொல்’ என்றே வருவதும் ஒரே நோய் அல்ல. இரண்டுக்கும் ஒரே மருந்து வேலை செய்யாது. இந்தப் பிரிப்பை நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை, எந்த மொழிக்காரருக்கும் பொதுவாக எழுதப்பட்டது என்பதால் நம் குழப்பத்தின் வேர் அதில் இருக்காது. ‘கேள்’ என்ற ஒற்றைச் சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். சத்தம் கேட்டது, பாட்டுக் கேட்டேன், அவரிடம் கேட்டேன். தமிழில் மூன்றும் ஒரே வினை. ஆங்கிலத்தில் முதலாவது ‘ஹியர்’, இரண்டாவது ‘லிசன்’, மூன்றாவது ‘ஆஸ்க்’. கேம்பிரிட்ஜ் பக்கம் முதல் இரண்டையும் அழகாகப் பிரித்துக் காட்டுகிறது: காதில் தானாக வந்து விழுவது ‘ஹியர்’, கவனம் வைத்துக் கேட்பது ‘லிசன்’. ஆனால் மூன்றாவதைப் பற்றி அங்கே பேச்சில்லை, ஏனென்றால் ஆங்கிலம் பேசுகிறவருக்கு ‘ஆஸ்க்’ இந்தக் கூட்டத்திலேயே சேராது.

வேற்றுமை உருபு இந்தச் சிக்கலை இன்னும் இறுக்குகிறது. ‘பாட்டைக் கேட்டேன்’ என்பதில் இரண்டாம் வேற்றுமை ‘ஐ’ மட்டுமே இருப்பதால் ‘லிசன் மியூசிக்’ என்று ‘டு’ இல்லாமல் எழுதுகிறோம். ‘அவரிடம் கேட்டேன்’ என்பதில் ‘இடம்’ ஒட்டி நிற்பதால் தேவையே இல்லாத ‘டு’வைக் கொண்டுவந்து ‘ஆஸ்க்டு டு ஹிம்’ என்று எழுதுகிறோம். வேண்டிய இடத்தில் விட்டு, வேண்டாத இடத்தில் சேர்க்கிறோம். சரியானவை ‘லிசன் டு மியூசிக்’, ‘ஆஸ்க்டு ஹிம்’. சொல்லின் பொருளை மட்டும் மனப்பாடம் செய்தால் இந்தப் பிழை போகவே போகாது. சொல்லையும் அதோடு வரும் ‘டு’, ‘அட்’ போன்ற முன்னிடைச்சொல்லையும் ஒரே துண்டாகப் படிக்க வேண்டும்.

‘படி’யும் இதே வகைதான். புத்தகம் படித்தால் ‘ரீட்’, கல்லூரியில் படித்தால் ‘ஸ்டடி’. ‘வாட் ஆர் யு ரீடிங்’ என்று கேட்டால் கையில் என்ன புத்தகம் என்றுதான் பெரும்பாலும் பொருள்படும். ‘பார்’ என்பதற்கு ‘லுக்’, ‘சீ’, ‘வாட்ச்’ என்று மூன்று வினைகள். அவற்றில் ‘லுக்’ மட்டும் ‘அட்’ கேட்கும். இருமொழி அகராதியை மட்டும் நம்பினால் இந்தச் சிக்கல் தீராது, ஏனென்றால் அங்கே எதைத் தேடினாலும் அதே ‘பார்’ என்ற பொருள்தான் வந்து நிற்கும். குழப்பம் எங்கே பிறந்ததோ அங்கேயே திரும்பப் போய் நிற்பதுபோல.

ஆனால் தமிழ் கைகொடுக்கும் இடமும் இருக்கிறது, அதை எந்த ஆங்கில அகராதியும் சொல்லித் தராது. ‘ரைஸ்–ரெய்ஸ்’, ‘லை–லே’ இணைகள் பல மொழிக்காரர்களைத் திணறடிப்பவை. நமக்கோ உயர்–உயர்த்து, எழு–எழுப்பு, கிட–கிடத்து என்று இந்த வேறுபாடு வாயிலேயே இருக்கிறது. விலை உயர்ந்தது என்றால் ‘ரைஸ்’. விலையை உயர்த்தினார்கள் என்றால் ‘ரெய்ஸ்’. ‘எதை?’ என்று கேட்டுப் பாருங்கள். பதில் வந்தால் ‘ரெய்ஸ்’, ‘லே’. பதில் வராவிட்டால் ‘ரைஸ்’, ‘லை’. நினைவிருப்பது ‘ரிமெம்பர்’, நினைவூட்டுவது ‘ரிமைண்ட்’ என்பதும் கிட்டத்தட்ட இதே கணக்கு.

பொருள் தெரிந்த பிறகும் ‘லை–லே’ இடறுவதற்குக் காரணம் இறந்தகால வடிவம். ‘கிட’ என்ற பொருளில் லை, லே, லெய்ன். ‘கிடத்து, வை’ என்ற பொருளில் லே, லெய்டு, லெய்டு. ‘பொய் சொல்’ என்ற பொருளில் லை, லைடு, லைடு. முதல் வரிசையின் இறந்தகாலமும் இரண்டாம் வரிசையின் நிகழ்காலமும் ஒரே சொல், ஒரே எழுத்துக்கூட்டல். மூன்று வரிசையையும் ஒரு தாளில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதி, அந்த இரண்டு ‘லே’யையும் வட்டமிட்டு வைத்துக்கொள்ளுங்கள். கேம்பிரிட்ஜின் விளக்கத்தை அதற்குப் பிறகு படித்தால் ஒரே வாசிப்பில் பிடிபடும்.

அடுத்து ஆக்ஸ்ஃபோர்டு. கற்பவர்களுக்கான இந்த அகராதிக்கு நீண்ட வரலாறு உண்டு: 1942-இல் ஜப்பானில் அச்சாகி, 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு வெளியீடாக வந்தது. இணையப் பதிப்பில் நமக்கு வேண்டியது ‘விச் வேர்டு?’ என்ற சிறு பெட்டி. ‘அஃபெக்ட்’ என்று தேடினால் அந்தப் பெட்டியில் சில வரிகளில் முடித்துவிடுவார்கள்: ஏ எழுத்தில் தொடங்குவது வினைச்சொல், பாதிப்பது, ஈ எழுத்தில் தொடங்கும் ‘எஃபெக்ட்’ பெயர்ச்சொல், விளைவு, ஈ எழுத்துச் சொல் அரிதாக வினையாகவும் வரும், அப்போது ‘நிகழச்செய்’ என்று பொருள். அந்தக் கடைசி வரியைப் பல பட்டியல்கள் விட்டுவிடுகின்றன. அதனால் ‘எஃபெக்ட் எ சேஞ்ச்’ என்று எங்காவது படிக்கும்போது அச்சுப்பிழையோ என்று நினைத்துவிடுகிறோம்.

பெட்டி முதலில் மூடியிருக்கும், தொட்டால்தான் விரியும் என்பதைக் கவனியுங்கள். தெரியாமல் தாண்டிப் போகிறவர்களே அதிகம். எல்லாப் பெட்டிகளையும் ஒரே இடத்தில் வரிசையாகப் படிக்க வேண்டுமென்றால் இது உதவாது. குழப்பம் வந்த சொல்லைத் தேடிப் போனால்தான் பெட்டி கண்ணில் படும். அதனால்தான் இது எழுதும்போது பக்கத்தில் திறந்து வைத்திருக்க வேண்டிய கருவி. இன்னொரு வசதி, முக்கியச் சொற்களுக்கு, அவை எந்தக் கற்றல் நிலைக்குரியவை என்று காட்டும் ஏ1, ஏ2 போன்ற குறி இருப்பது (ஏ1 தொடக்கநிலை). ஓர் இணையில் ஒரு சொல்லுக்குத் தொடக்கநிலைக் குறி இருந்து, மற்றதற்கு எந்தக் குறியும் இல்லையென்றால், இப்போதைக்கு முதல் சொல்லை மட்டும் படித்தால் போதும். நேரம் மிச்சம், குழப்பமும் மிச்சம்.

லாங்மன் 1978-இல் முதல் பதிப்பு கண்டது. ஏறத்தாழ 2,000 எளிய சொற்களுக்குள்ளேயே எல்லா விளக்கத்தையும் எழுதுவது என்ற கட்டுப்பாட்டோடு வந்த அகராதி. ஆங்கிலத்திலேயே பொருள் படிக்கத் தொடங்குகிறவருக்கு மூன்றிலும் இதுதான் இலகு. இதன் தனிப்பலம் ‘டோன்ட் சே’ என்ற எச்சரிக்கை. ‘டிஸ்கஸ்’ என்று தேடினால், அதன்பின் ‘அபவுட்’ போடாதீர்கள் என்று பெருக்கல் குறியோடு சொல்லிவிடும். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்ற நம் ‘பற்றி’தான் அந்த ‘அபவுட்’டை உள்ளே இழுத்து வருகிறது, ஆங்கிலத்தில் ‘டிஸ்கஸ்’ஸுக்குள்ளேயே ‘பற்றி’ அடங்கிவிட்டது. ஒரு எச்சரிக்கை: பதிவின் கீழே வரும் ‘எக்ஸாம்பிள்ஸ் ஃப்ரம் தி கார்ப்பஸ்’ வாக்கியங்கள் நடைமுறை எழுத்திலிருந்து அப்படியே எடுத்தவை. முன்பின் தெரியாமல் பாதி வாக்கியமாகவும் இருக்கும். தொடக்கநிலையில் அவற்றைத் தாண்டிப் போங்கள்.

மூன்று அகராதிகளும் தமிழருக்குப் போதாமல் போவது ஒலியில். ‘அட்வைஸ்’ என்று தமிழில் எழுதிப் பாருங்கள். ஆங்கிலத்தில் அது இரண்டு சொல்: சி எழுத்து வருவது பெயர், எஸ் எழுத்து வருவது வினை. தமிழ் எழுத்தில் இரண்டும் ஒன்றுதான், நம் வாயிலும் பெரும்பாலும் ஒன்றுதான். ‘ப்ரைஸ்’ என்றால் விலையா பரிசா? ‘லூஸ்’ என்றால் தளர்ந்ததா, இழப்பதா? காதில் பிரியாதது கையில் பிரியாது. கணினியின் எழுத்துப்பிழை திருத்தியும் (ஸ்பெல் செக்கர்) நம்மைக் காப்பாற்றாமல் போகலாம். ‘லூஸ் தி கேம்’ என்பதில் இரண்டு ‘ஓ’ போட்டாலும் அது அகராதியில் இருக்கும் சொல்தான், அதனால் எழுத்துக்கூட்டலை மட்டும் பார்க்கும் திருத்திக்கு அதில் பிழையே தெரியாது.

தொண்டையில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு பாம்பு சீறுவதுபோல ‘ஸ்ஸ்’ என்று சொல்லுங்கள், அதிர்வு இருக்காது. தேனீபோல ரீங்கரியுங்கள், விரலில் அதிர்வு தெரியும். பெயரான ‘அட்வைஸ்’ முதல் ஒலியில் முடிகிறது, வினையானது இரண்டாம் ஒலியில். இது ஓர் ஒழுங்கும்கூட: ‘யூஸ்’, ‘எக்ஸ்க்யூஸ்’, ‘ஹவுஸ்’ எல்லாம் பெயராக வரும்போது சீறும், வினையாக வரும்போது அதிரும். ‘க்ளோஸ்’ அருகில் என்ற பொருளில் சீறும், மூடு என்ற பொருளில் அதிரும். இழப்பதைக் குறிக்கும் ‘லூஸ்’ வினை. அதனால் அதிரும், ஒரே ‘ஓ’. சீறும் ஒலிக்கு முன் உயிரொலி சற்றுக் குறுகுவதையும் கவனியுங்கள். விலையைவிடப் பரிசு நீளமாக ஒலிக்கும். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்திலுள்ள ஒலிபெருக்கிக் குறியைத் தட்டி, இணையின் இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றிப் பத்து முறை கேட்டால் வேறுபாடு காதில் பதிந்துவிடும். ‘ப்ராக்டிஸ்’ இந்த ஒழுங்குக்கு வெளியே. பிரிட்டிஷ் எழுத்தில் பெயருக்கு சி, வினைக்கு எஸ், ஆனால் ஒலி ஒன்றே. அமெரிக்க எழுத்தில் இரண்டுக்கும் சி.

இனி, எப்படிப் பயன்படுத்துவது? கேம்பிரிட்ஜ் பட்டியலை முதல் தலைப்பிலிருந்து கடைசிவரை பாடப்புத்தகம்போலப் படிக்கக் கூடாது. இரண்டு புதுச் சொற்களை ஒரே நாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தால், எது எது என்பது மறுநாளே மாறிப்போகும். முன்பு இல்லாத குழப்பம் அன்றுதான் உண்டாகும். ‘லெண்ட்’ (கடன் கொடு) உங்களுக்குப் புதிது என்றால் ‘லெண்ட்’டை மட்டும் மூன்று நான்கு வாக்கியத்தில் எழுதிப் பழகுங்கள். அது தயங்காமல் வரத் தொடங்கியபின் ‘பாரோ’வைத் (கடன் வாங்கு) தொடுங்கள். ஏற்கெனவே இரண்டும் தெரிந்து, மாற்றிப் போடுகிறீர்கள் என்றால்தான் அந்த ஒப்பீட்டுப் பக்கம் உங்களுக்கானது.

கேம்பிரிட்ஜில் இலவசமாகக் கணக்குத் தொடங்கினால் சொந்தச் சொற்பட்டியல் வைத்துக்கொள்ளலாம், அதிலிருந்தே வினாடி வினாவும் எடுத்துக்கொள்ளலாம். ஒரே பட்டியலில் எல்லாவற்றையும் கொட்டாமல் மூன்றாக வைத்துக்கொள்ளுங்கள்: ஒலியால் குழப்புபவை, ஒரே தமிழ்ச் சொல்லுக்குள் அடைபடுபவை, வடிவத்தால் குழப்புபவை. முதல் பட்டியலுக்குக் காதால் பயிற்சி, இரண்டாவதற்கு முழு வாக்கியம் எழுதும் பயிற்சி, மூன்றாவதற்கு ‘எதை?’ என்ற கேள்வியும் ‘லை, லே, லெய்ன்’ போன்ற வடிவ வரிசையும். எழுதி முடித்த கட்டுரையைத் திருத்தும்போது இரண்டாம் பட்டியலை முதலில் எடுத்துப் பாருங்கள். திருத்தி கண்டுபிடிக்காமல் விட்டுவிடும் பிழைகளில் பல அங்கேதான் ஒளிந்திருக்கும்.