99 சதவீதம் சாயம் போகுமாம், எந்தச் சாயம்?

சாயத் தண்ணீரைத் தெளிய வைக்கும் நானோ வடிகட்டல் மெம்பிரேன் தாள் (மிக நுண்ணிய துளைகளுள்ள பிளாஸ்டிக் சவ்வு) ஒன்றை வாங்கி ஒரு மாதமாக ஓட்டிப் பார்த்தேன். கம்பெனி பேர் வேண்டாம். உறையில் கொட்டை எழுத்தில் '99 சதவீத சாய நீக்கம்' என்று போட்டிருக்கிறார்கள், எந்தச் சாயத்துக்கு என்று மட்டும் எங்கேயும் இல்லை.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். காங்கோ ரெட் என்ற சிவப்புச் சாயக் கரைசலை மேலே ரத்தச் சிவப்பாக ஊற்றினால் கீழே நிறமே இல்லாத தண்ணீராக இறங்குகிறது. அதன் மூலக்கூறு எடை கிட்டத்தட்ட 697, போதாததற்கு அதுவும் எதிர்மின்சுமை, தாளின் பாலிஅமைடு (நைலான் வகைப் பிளாஸ்டிக்) மேற்பரப்பும் எதிர்மின்சுமை, ஆகவே துளைக்குப் பக்கத்தில் வரும்போதே தள்ளிவிடுகிறது. சாயத்தை நிறுத்திவிட்டு உப்பைப் பெரும்பாலும் வெளியே விடுவது இன்னொரு வசதி. உப்பு நிறையப் போடும் சாயத் தொட்டிக்கு இதுதான் தேவை, உப்பையும் பிடித்து வைத்தால், மேலே தேங்கும் உப்பை மீறித் தண்ணீரைத் தள்ள அழுத்தத்தை ஏற்றிக்கொண்டே போக வேண்டியிருக்கும்.

அப்புறம் மெத்திலீன் நீலம் என்ற இன்னொரு சாயம் போட்டேன். முதல் அரை மணி நேரம் கண்ணாடி மாதிரி தண்ணீர், எனக்கு ஒரே சந்தோஷம். அதன் பிறகு லேசாக நீலம் தட்ட ஆரம்பித்தது, சாயங்காலத்துக்குள் நன்றாகவே தெரிந்தது. இதன் எடை 320தான், நேர்மின்சுமை வேறு. தாளின் வரம்பு 500 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்று அவர்களே அச்சடித்திருக்கிறார்கள், அதாவது அந்த எடையுள்ள மூலக்கூறில் 90 சதவீதம் நிற்கும் என்று கணக்கு, அப்படியிருக்க 320 நழுவாமல் என்ன செய்யும்? ஆரம்பத்தில் தெளிவாக வந்தது வடிகட்டியதால் இல்லை, சாயம் தாளிலேயே ஒட்டிக்கொண்டதால். ஒட்ட இடம் தீர்ந்ததும் வெளியே வந்துவிட்டது. திறந்து பார்த்தால் தாள் முழுக்க மைக்கூட்டில் முக்கி எடுத்த மாதிரி இருந்தது.

வாங்கிச் சோதிப்பவர்கள் கீழே வரும் தண்ணீரை மட்டும் பார்க்காதீர்கள், மேலே மிஞ்சும் கரைசலையும் பாருங்கள். உண்மையில் வடிகட்டினால் அது போகப் போக அடர்த்தியாக வேண்டும். மேலேயும் வெளுக்கிறது, கீழேயும் தெளிவு என்றால் சாயம் தாளுக்குள் போயிருக்கிறது.

கூட வரும் குறிப்புத் தாள் சுத்த மோசம். பளபளப்பான பக்கம்தான் சாயத்தைப் பார்த்து இருக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதியிருந்தால் முதல் தாளை நான் தலைகீழாகப் போட்டிருக்க மாட்டேன். ப்ளீச்சிங் பவுடர், குளோரின் எதுவும் படக்கூடாது, பாலிஅமைடு சிதைந்துவிடும். அதைக் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒளித்து வைத்திருக்கிறார்கள்.

பெரிய மூலக்கூறு, எதிர்மின்சுமைச் சாயம் என்றால் தாராளமாக வாங்கலாம். எந்தச் சாயத்தில், எத்தனை மணி நேரம் ஓட்டி 99 எடுத்தீர்கள் என்று கம்பெனிக்கு மெயில் போட்டேன். பதில் வந்தது, அதே விளம்பரத் தாளை இணைத்து.