ஏழு ஆண்டுகள், ஒன்றே கால் லட்சம் ரூபாய், ஓர் இலவம்பஞ்சு மெத்தை

2018ஆம் ஆண்டின் இறுதியில் நிலுவைச் சம்பளம் மொத்தமாகக் கைக்கு வந்தது. வந்த சூட்டோடு ஒலிக்கருவிகளில் போட்டுவிட்டேன். புக்‌ஷெல்ஃப் ஸ்பீக்கர் ஒரு ஜோடி 48,000, ஆம்பிளிஃபயர் 52,000, கணினியிலிருந்து வரும் டிஜிட்டல் ஒலியை மாற்றித் தரும் டேக் பெட்டி 15,500, ஸ்பீக்கர் கம்பி 9,500. நான் பெரும்பாலும் கேட்பது கச்சேரிப் பதிவுகளும் நாகஸ்வரமும்.

முதல் வாரமே ஏமாற்றம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பி ஒலித்தால் பாடுபவரின் குரலே அமுங்கிப் போனது. "பக்கத்தில் மாவு மெஷின் ஓடுவது போல இருக்கிறதே" என்றார் மனைவி. அவர் சொன்னது சரிதான். இன்னும் பெரிய ஆம்பிளிஃபயர் வாங்கலாமா என்றுகூட யோசித்தேன். நல்ல வேளையாகக் கையில் பணம் இல்லை.

கோளாறு கூடத்தில் இருந்தது. எங்கள் கூடம் 12 அடி நீளம். ஒலி நொடிக்குச் சுமார் 344 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், அந்த நீளத்தில் 47 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 47 அதிர்வு) அருகிலும் அதன் இரட்டிப்பான 94 அருகிலும் ஒலி தேங்கிப் பெருகும். சுவரோரங்களில்தான் அது மிகுதி. நானோ ஸ்பீக்கர்களை இரு மூலைகளிலும், சோபாவைப் பின்சுவரில் ஒட்டியும் வைத்திருந்தேன். ஸ்பீக்கர்களை இரண்டடியும் சோபாவை ஒன்றரை அடியும் முன்னால் இழுத்தேன். தொப்பி அடங்கியது, அதை அழுத்தித் தேய்த்து எழுப்பும் கும்கி கும்கியாகக் கேட்டது. செலவு, முதுகுவலிக்குத் தடவிய தைலம் மட்டும்.

அதற்குப் பின்னும் கூடத்தில் கைதட்டினால் 'கிணீர்' என்று சுவருக்குச் சுவர் மோதியது. டைல்ஸ் தரையும் வெற்றுச் சுவருமாக இருந்தால் அப்படித்தான். பக்கச் சுவரில் புத்தக அலமாரி, சன்னலுக்குக் கனமான திரை, சோபாவுக்குப் பின்னால் பரணில் கிடந்த பழைய இலவம்பஞ்சு மெத்தை. விருந்தினர் வரும்போது மெத்தையை எடுத்து ஒளித்துவிடுவோம். வாங்கிய அன்று கேட்டதற்கும் இன்று கேட்பதற்கும் உள்ள வேறுபாட்டில் பாதிக்கு மேல் இந்த வேலைகளால் வந்தது.

கம்பியைப் பற்றிச் சொல்லவே வெட்கமாக இருக்கிறது. சென்னை ரிச்சி தெருவில் மீட்டர் 60 ரூபாய்க்கு வாங்கிய செப்புக் கம்பியோடு அதைப் போட்டிக்கு விட்டேன். நான் முதுகைக் காட்டி உட்கார, மனைவி மாற்றி மாற்றி இணைத்தார். பத்து முறையில் ஐந்து முறை சரியாகச் சொன்னேன். நாணயத்தைச் சுண்டியிருந்தாலும் அவ்வளவுதான் தேறியிருக்கும். விலையுயர்ந்த கம்பி வந்த வெல்வெட் பையில் இப்போது தாயக்கட்டையும் சோழியும் இருக்கின்றன.

டேக் பெட்டி முதலில் பிரமாதமாகத் தோன்றியது. பிறகுதான் அது சற்று உரக்க ஒலிக்கிறது என்று கண்டுபிடித்தேன். ஒலி கொஞ்சம் கூடினாலே காது அதைத் தரம் என்று எடுத்துக்கொள்ளும். அதையும் கணினியின் நேரடி ஒலியையும் ஒரே அளவில் வைத்துக் கேட்டபோது வேறுபாடு மறைந்தது. அலுவலக நண்பர் ஒருவருக்குப் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். (நடந்ததைச் சொல்லித்தான் விற்றேன்.)

ஆம்பிளிஃபயர் 80 வாட். வாட் இரண்டு மடங்கானால் கூடுவது 3 டெசிபல்தான். கூடத்தில் உட்கார்ந்து கேட்க ஓரிரு வாட்டே பெரும்பாலும் போதும். நான்காம் ஆண்டில் ஒரு பக்கம் ஊமையானது. பழுதுபார்க்கக் கொடுத்த இடத்தில், பாகம் வரவேண்டும் என்று மூன்று மாதம் வைத்துக்கொண்டார்கள். இடைக்கால ஏற்பாடாக 6,000 ரூபாய்க்கு உள்ளங்கையளவு ஆம்பிளிஃபயர் ஒன்று வாங்கினேன். பெரியது திரும்பி வந்து ஒரு வாரம் அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது என்பதிலிருந்து புரிந்துகொள்ளுங்கள்.

ஸ்பீக்கருக்குக் கொடுத்த பணத்துக்கு மட்டும் வருத்தமில்லை. தம்புராவின் நான்கு தந்திகளும் தனித்தனியே விழுவதும், வயலினில் வில் திரும்பும் இடமும் பழைய கணினி ஸ்பீக்கரில் எனக்குக் கேட்டதில்லை. 48,000 தேவையா என்றால், இன்று வாங்கினால் 25,000இல் நிறுத்திக்கொள்வேன். 40 கிலோஹெர்ட்ஸ் வரை ஒலிக்கும் என்ற விளம்பரத்தையும் பொருட்படுத்த மாட்டேன். சோதித்துப் பார்த்ததில் என் 51 வயதுக் காதுக்கு 13 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் எதுவும் எட்டவில்லை. 16 கிலோஹெர்ட்ஸில் மகள் காதைப் பொத்திக்கொண்டாள்.

பழைய பதிவுகளுக்கு இந்த ஸ்பீக்கரும் உதவாது. 1956இல் மறைந்த நாகஸ்வர மேதை டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் 78 சுழற்சி இசைத்தட்டுகளில் உச்ச ஒலிகள் சரியாகப் பதிவாகவேயில்லை. நல்ல ஸ்பீக்கர் அவருடைய தோடி ராகத்தோடு தட்டின் கரகரப்பையும் பெரிதாக்கிக் காட்டும். அவற்றைச் சமையலறையில் இருக்கும் 2,500 ரூபாய் புளூடூத் ஸ்பீக்கரில்தான் கேட்கிறேன்.

தீராத குறை ஒன்று உண்டு: மின்விசிறி. ஆண்டில் பத்து மாதம் அது ஓடாமல் இங்கே உட்கார முடியாது. ஆலாபனை தேய்ந்து முடியும் இடத்தை எல்லாம் அது தின்றுவிடுகிறது. மார்கழி விடியற்காலையில்தான் நிறுத்த முடிகிறது. அதுவும் பக்கத்துக் கோயிலில் ஒலிபெருக்கி தொடங்கும் ஐந்து மணி வரை.