ரோம வரலாறு: முதலில் எந்தப் புத்தகம்?

ரோம வரலாற்றுக்குச் சின்னதாக ஓர் அறிமுக நூல் கேட்டால், பலரும் மேரி பேர்டின் 'எஸ்.பி.க்யூ.ஆர்.' பக்கம்தான் கை காட்டுவார்கள். 2015இல் வந்த அருமையான புத்தகம். ஆனால் அறுநூறு பக்கத்தைத் தொடுகிறது. நான் தேர்ந்தெடுத்தது தாமஸ் ஆர். மார்ட்டினின் 'ஏன்ஷியன்ட் ரோம்' (2012). இருநூற்றுச் சொச்சம் பக்கம். ஆக்ஸ்ஃபோர்டின் 'வெரி ஷார்ட் இன்ட்ரொடக்ஷன்' வரிசையில் டேவிட் க்வின் குடியரசைப் பற்றியும் கிறிஸ்டோபர் கெல்லி பேரரசைப் பற்றியும் எழுதிய குட்டி நூல்களும் போட்டியில் இருந்தன.

விலை, படங்கள் எல்லாம் அவரவர் விருப்பம். எழுத்தழகில் பேர்டை மற்ற மூவரும் நெருங்க முடியாது. அதில் வாதமே இல்லை. நான் பார்த்தது ஒன்றுதான்: காலம் வரிசையாக நகர்கிறதா, எதுவரை போகிறது?

பேர்ட் கி.மு. 63இல், ஆட்சியைக் கவிழ்க்கக் கேட்டிலின் என்ற பிரபு செய்த சதியை அரசியல்வாதி சிசரோ அம்பலப்படுத்தும் இடத்தில் தொடங்கி, பிறகுதான் நகரத்தை நிறுவியதாகச் சொல்லப்படும் ரோமுலஸ் கதைக்குப் போகிறார். முதல் பேரரசர் அகஸ்டஸுக்குப் பின் வந்த பதினான்கு பேரரசர்களை ஒவ்வொருவராகச் சொல்லாமல் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். அரியணையில் யார் இருந்தாலும் பேரரசு ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடந்தது என்பது அவர் கட்சி. விவரம் தெரிந்தவருக்கு இது விருந்து. நீரோ முந்தியவரா, வெஸ்பேசியன் முந்தியவரா என்றே தெரியாதவருக்குத் தலை சுற்றும். போதாக்குறைக்கு, கி.பி. 212இல் பேரரசர் காராகல்லா ஏறத்தாழ எல்லாச் சுதந்திர மக்களுக்கும் குடியுரிமை வழங்கியதோடு கதை முடிந்துவிடுகிறது. ரோம் ஏன் விழுந்தது என்று கேட்டு வந்தவர் என்ன செய்வார்?

மார்ட்டின் நகரம் தோன்றியதிலிருந்து கி.பி. ஆறாம் நூற்றாண்டின் பேரரசர் ஜஸ்டினியன் வரை நேராகப் போகிறார். அதற்காக வெறும் அரசர் பட்டியல் போடவில்லை. ரோமச் சமூகத்தின் புரவலர் உறவை ஆரம்பத்திலேயே விளக்கிவிடுகிறார். எளியவர்கள் விடிந்ததும் பெரிய மனிதர் வீட்டு வாசலில் போய் வணக்கம் வைக்க வேண்டும். வழக்கு என்று வந்தால் அவர் துணை நிற்பார், தேர்தல் என்று வந்தால் இவர்கள் அவர் பக்கம் நிற்பார்கள். இதை மனதில் வாங்கிக்கொண்டு கி.மு. 107க்கு வந்தால், மேரியஸ் என்ற தளபதி சொத்தில்லாதவர்களைப் படையில் சேர்த்ததன் விளைவு தானாகப் புரிகிறது. சேவை முடிந்த வீரன் நிலத்துக்காக செனட் என்ற ஆட்சி மன்றத்தை நம்பவில்லை, தளபதியை நம்பினான். அவனுக்குப் புரவலர் தளபதிதான். கி.மு. 88இல் தளபதி சுல்லா சொந்த நகரத்தின் மீதே படை நடத்தியபோது வீரர்கள் ஏன் பின்னால் போனார்கள் என்று தனியாகக் கேட்க வேண்டியதில்லை. அங்கிருந்து, அதே போலப் படையோடு ரோமுக்கு வந்த சீசர் ஓர் எட்டுத் தூரம். வரிசை கலைந்த நூலில் இந்தத் தொடர்ச்சி அறுந்துவிடுகிறது.

குறைகளும் உண்டு. பாடப்புத்தக வாடை அடிக்கிறது. ரோமை எதிர்த்துப் போரிட்ட தளபதி ஹன்னிபாலுக்கு ஒதுக்கிய இடம் எனக்குப் போதவில்லை. போர்க்களக் கதைக்காகப் படிப்பவர்கள் சலித்துக்கொள்வார்கள். முசிறி, அரிக்கமேட்டு வணிகம்தான் முதல் ஆர்வம் என்றால், இந்த நாலையும் விட்டுவிட்டு அதற்கென்றே எழுதப்பட்ட நூலைத் தேடுவது நல்லது.

க்வின் காலவரிசையில்தான் சொல்கிறார். வட ஆப்பிரிக்காவில் ரோமுக்குப் போட்டியாக இருந்த கார்த்தேஜ் நகரத்தைக் கி.மு. 146இல் அழித்த வெற்றியே குடியரசுக்கு எப்படி வினையாக முடிந்தது என்பதை அந்தச் சின்ன இடத்துக்குள் தெளிவாகச் சொல்லிவிடுகிறார். அகஸ்டஸோடு போதும் என்பவர் தயங்காமல் அதை வாங்கலாம். கெல்லியை ஆங்காங்கே படித்ததோடு சரி, ஆகவே என் கருத்தை அந்த அளவுக்கே எடுத்துக்கொள்ளுங்கள்: படையெடுப்பு, பேரரசர் வழிபாடு, கிறிஸ்தவர்கள் என்று பொருள்வாரியாகப் போகும் அந்த நூல் இரண்டாவதாகப் படிக்கத்தான் தோது. இரண்டையும் சேர்த்து வாங்கினாலும் ஒரு பள்ளம் மிஞ்சும். கி.பி. 235க்கும் 284க்கும் இடையே இருபதுக்கும் மேற்பட்ட பேரரசர்கள் வந்து போன நெருக்கடிக் காலத்துக்கு இரண்டிலும் தனி அத்தியாயம் கிடையாது.