போர் நடந்த காடுகளில் ஓட: மெக்ரிட்சியா, புக்கிட் தீமாவா, கென்ட் ரிட்ஜா?

சிங்கப்பூரில் காட்டுப் பாதையில் ஓடுகிறவர்களைக் கேட்டால் பெரும்பாலும் மூன்று இடங்களைச் சொல்வார்கள்: மெக்ரிட்சி நீர்த்தேக்கம், புக்கிட் தீமா குன்று, தெற்கே கென்ட் ரிட்ஜ் முகடு. மூன்றையும் 1942 பிப்ரவரிப் போர் தொட்டிருக்கிறது. 8ஆம் தேதி இரவு வடமேற்குக் கரையில் இறங்கத் தொடங்கிய ஜப்பானியப் படை, 15ஆம் தேதி மாலைக்குள் பிரிட்டிஷாரைச் சரணடைய வைத்துவிட்டது. நாம் இன்று வியர்க்க வியர்க்க ஏறும் மேடுகளுக்காகத்தான் அந்த ஒரு வாரம் ஆட்கள் செத்தார்கள்.

எந்தப் பாதை நல்லது என்ற பேச்சு வந்தால் தூரம், ஏற்றம், நிழல், தண்ணீர்க் குழாய், பக்கத்தில் எம்ஆர்டி (மெட்ரோ ரயில்) நிலையம் இருக்கிறதா என்றுதான் கணக்குப் பார்ப்போம். அதெல்லாம் வேண்டியதுதான். நான் இன்னொன்றையும் பார்ப்பேன். இந்த இடத்தில் ஏன் சண்டை நடந்தது என்பது ஓடும்போதே புரிகிறதா? தகவல் பலகையைப் படித்துத் தெரிந்துகொள்வது வேறு. மேட்டின் உச்சியில் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கும்போது, இந்த மேட்டை ஏன் விட மறுத்தார்கள் என்று கண்ணெதிரே தெரிவது வேறு.

ஓட்டத்துக்கு மட்டும் என்றால் மெக்ரிட்சிதான், சந்தேகமே இல்லை. நீர்த்தேக்கத்தைச் சுற்றி வந்தால் பத்து, பதினொரு கிலோமீட்டர். செம்மண், வேர், சரளை, கரையோரம் மரப்பலகைப் பாதை என்று கால் வைக்கும் தரை மாறிக்கொண்டே இருக்கும். காலை ஏழு மணிக்குப் போனால் பாதி வழி நிழல். ட்ரீடாப் வாக் என்ற 250 மீட்டர் தொங்குபாலம் ஒருவழிப் பாதை. நடக்க வருகிறவர்கள் மெதுவாகத்தான் போவார்கள். அங்கே ஓட்டத்தை விட்டு நடப்பதுதான் மரியாதை. ட்ரெயில் மாரத்தானுக்குப் பயிற்சி எடுப்பவர்கள் வேறெங்கும் அலைய வேண்டாம்.

ஆனால் போர் அங்கே கண்ணுக்குத் தெரியாது. இத்தனைக்கும் சரணடைந்ததற்குத் தண்ணீர் ஒரு பெரிய காரணம். குண்டுவீச்சில் நகரத்துக் குழாய்கள் உடைந்து கிடந்தன, நீர்த்தேக்கங்கள் எதிரியின் கைக்குப் போய்விட்டன, ஊருக்குள் லட்சக்கணக்கான மக்கள் அடைந்து கிடந்தார்கள். தெற்கே ஆடம் பார்க் குடியிருப்பில் கேம்பிரிட்ஜ்ஷயர் படைப்பிரிவு கடைசி நாள்வரை தாக்குப்பிடித்தது. இதில் எதுவும் சுற்றுப்பாதையிலிருந்து தெரிவதில்லை. ஓடுகிறவர்கள் எளிதாகப் போய்ப் பார்க்கக்கூடியது லிம் போ செங்கின் கல்லறை. ஜப்பானியருக்கு எதிரான ரகசியப் படையான ஃபோர்ஸ் 136இல் இருந்தவர். 1944இல் பத்து காஜா சிறையில் இறந்தார். 1946இல் அவர் உடலைக் கொண்டுவந்து இந்த நீர்க்கரையில் அடக்கம் செய்தார்கள். ஐந்து நிமிடம் நின்றுவிட்டுப் போகலாம்.

இன்னொன்று, சியோனான் ஜின்ஜா. போர்க்கைதிகளை வைத்து ஜப்பானியர் காட்டுக்குள் கட்டிய ஷிண்டோ கோயில். தோற்றதும் அவர்களே அதை அழித்துவிட்டார்கள். கை கழுவ வைத்திருந்த கருங்கல் தொட்டி மட்டும் மரங்களுக்கு நடுவே மிச்சம். முறையான பாதை கிடையாது. அதைத் தேடிப் புதருக்குள் புகுந்து, படம் எடுத்துப் போடுவது சிலருக்குப் பெருமையாக இருக்கிறது. எனக்கு அதில் கொஞ்சமும் உடன்பாடு இல்லை. இது பாதுகாக்கப்பட்ட காடு. ஒருவர் மிதித்துப் போன தடத்தில் பத்துப் பேர் போனால் அது பாதையாகிவிடும்.

அடுத்தது புக்கிட் தீமா. 163 மீட்டர்தான், ஆனாலும் தீவின் மிக உயர்ந்த இடம் அதுதான். உச்சிக்குப் போகும் தார்ச்சாலை செங்குத்தாக ஏறும். தொடைக்கு நல்ல பயிற்சி. சுற்றிலும் பழைய இயற்கைக் காடு, செராயா மரங்கள் வானத்துக்கு நிற்கும். பெயரைக் கேட்டு, இந்தக் குன்றுக்காகத்தான் சண்டை என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்கள் உண்டு. பிப்ரவரி 10, 11 தேதிகளில் போட்டி கீழே இருந்த கிராமத்துக்கும் சாலைச் சந்திப்புக்கும்தான். அந்த வட்டாரத்தில்தான் பிரிட்டிஷ் படையின் உணவு, எரிபொருள் கிடங்குகள் இருந்தன. அது போனதும் நீர்த்தேக்கங்களுக்கும் நகரத்துக்கும் வழி திறந்துவிட்டது. பிரிட்டிஷார் ‘டாம்ஃபோர்ஸ்’ என்ற அணியைத் திரட்டி 11ஆம் தேதி கிராமத்தைத் திரும்பப் பிடிக்கப் பார்த்தார்கள்; முடியவில்லை.

அதனால் இங்கே போரைத் தேடி வருகிறவர்கள் குன்றை விட்டுவிட்டுப் பக்கத்திலுள்ள ரயில் காரிடாரில் ஓடலாம். 2011 ஜூன் 30இல் கடைசி மலாயா ரயில் போன பிறகு தண்டவாளம் எடுக்கப்பட்டு, 24 கிலோமீட்டர் பசுமைப் பாதையாகிவிட்ட வழித்தடம். மலாயா ரயில்வேயில் தமிழர்கள் ஏராளமாக வேலை பார்த்தார்கள் என்பதால், நம்மில் பல குடும்பங்களுக்கு இது தாத்தா வேலை செய்த பாதை. ஹியூம் எம்ஆர்டியில் இறங்கினால் பழைய ஃபோர்ட் கார் தொழிற்சாலை பக்கம்தான். பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல், ஜப்பானியத் தளபதி யமஷிதாவின் முன்னால் உட்கார்ந்து சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்ட கட்டடம் அது, இப்போது அருங்காட்சியகம். இந்தப் பாதையில் ரயில் மால் கடைவரிசை அருகே ஒரு இரும்புப் பாலம் உண்டு; தெற்கே போனால் 1932இல் கட்டிய புக்கிட் தீமா ரயில் நிலையம். தரை சமம். புதிதாக ஓட ஆரம்பித்தவர்களும் பிள்ளைகளோடு வருகிறவர்களும் இதையே தேர்ந்தெடுக்கலாம். கால் வலுவுள்ளவர்கள் மறுபக்கம் புக்கிட் பாத்தோக் குன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். ஜப்பானியர் தங்கள் வீரர்களுக்காகப் போர்க்கைதிகளைக் கொண்டு எழுப்பிய நினைவுத்தூண் இருந்த இடம். தூண் போய்விட்டது, ஏறும் படிகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. உச்சியில் இப்போது ஒலிபரப்புக் கோபுரம்.

என் முதலிடம் கென்ட் ரிட்ஜுக்குத்தான். காடு என்று பார்த்தால் மூன்றில் இதுதான் இளைத்த காடு. முன்பு காசுக்கட்டிச் செடி பயிரிட்டுச் சத்து உறிஞ்சப்பட்ட மண்ணில், பிறகு தானாக முளைத்து வந்த மரங்கள்தான் பெரும்பாலும். பாதையில் பாதி தார், பாதி மரப்பலகை. மலைச் சைக்கிள்காரர்களின் மண்பாதை ஒன்றும் உண்டு, அதில் ஓடினால் காதில் எதையும் மாட்டிக்கொள்ளாதீர்கள். சுத்தமான ட்ரெயில் ஓட்டம் வேண்டும் என்பவர்களுக்கு இது ஏமாற்றம்தான்.

ஆனால் மேற்கிலிருந்து கிழக்காக ஓடிப் பாருங்கள். ஜப்பானியரின் 18ஆவது டிவிஷன் வந்த திசை அது. சவுத் புவன விஸ்தா சாலை முகட்டை அறுத்துக்கொண்டு வளைந்து வளைந்து இறங்கும் கணவாய்ப் பக்கம் 13ஆம் தேதி கடுமையான சண்டை. பிரிட்டிஷார் பக்கம் நின்ற மலாய் ரெஜிமெண்ட் அங்கிருந்து பின்வாங்கியது. நீங்கள் ஓடுவதும் அதே முகட்டின் மேல்தான். வலப்பக்கம் கீழே பாசிர் பாஞ்சாங் சாலையும் கடலும். முன்னால், கிழக்கே, அலெக்சாண்டிரா. படையின் ஆயுதக் கிடங்கும் ராணுவ மருத்துவமனையும் அங்கேதான் இருந்தன. முகட்டைப் பிடித்தவனுக்கு அத்தனையும் காலடியில். ஏன் இந்த இடத்தை விடக் கூடாது என்பதற்கு வரைபடமே தேவையில்லை.

முகடு முடியும் பக்கம் 280 மீட்டர் மேல்நடைபாதை ஒன்று மரக்கிளைகளின் உயரத்தில் போகும். அது கொண்டுபோய் விடும் இடம் புக்கிட் சண்டு. அடிவாரத்தில் அபின் பொட்டலம் கட்டும் ஆலை இருந்ததால் அந்தப் பெயர். மலாய் ரெஜிமெண்டின் லெப்டினன்ட் அட்னான் சைடியின் ‘சி’ கம்பெனி 14ஆம் தேதி கடைசியாக நின்ற குன்று இது. அன்று தலைப்பாகை கட்டிய பஞ்சாப் வீரர்கள் போல ஒரு கூட்டம் ஏறி வந்தது. பஞ்சாப் வீரர்கள் நிறைந்த 44ஆவது இந்தியப் பிரிகேட் இதே வட்டாரத்தில் சண்டையிட்டதால், பார்த்தவுடன் சந்தேகம் வராது. ஆனால் பிரிட்டிஷ் படை மூவர் மூவராக அணிவகுக்கும். வேடமிட்டு வந்த ஜப்பானியரோ நால்வர் நால்வராக வந்தார்கள். அட்னான் அதைக் கவனித்துச் சுட உத்தரவிட்டார் என்று இன்றும் சொல்கிறார்கள். பின்வாங்கவும் வழி இல்லை. அட்னானின் ஆட்களுக்குப் பின்னால் இருந்த பெரிய வடிகாலில், நார்மன்டன் எண்ணெய்க் கிடங்கிலிருந்து வழிந்த எண்ணெய் எரிந்துகொண்டு ஓடியது. குண்டு தீர்ந்த பிறகு கைகலப்பு. அட்னான் அங்கேயே கொல்லப்பட்டார், வயது இருபத்தாறோ இருபத்தேழோதான். மேல்நடைபாதையின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு சரிவைப் பாருங்கள். ஏறி வருகிறவனுக்கும் மேலே நிற்பவனுக்கும் எவ்வளவு குறைவான தூரம்!

அங்கிருந்து இரண்டு வழி. தெற்கு முகடுகளில் கிழக்கே போனால் ஹார்ட்பார்க் பூங்கா, ஹென்டர்சன் வேவ்ஸ் பாலம், மவுன்ட் ஃபேபர் குன்று. ஏற்ற இறக்கம் நிறைய, வரலாறு குறைவு. தெற்கே இறங்கினால் லாப்ரடார் பூங்கா. கடல் வழியாக வரும் எதிரியைத் தடுக்க ஆறு அங்குலப் பீரங்கிகளோடு கட்டிய பாசிர் பாஞ்சாங் கோட்டை அங்கே. கடலைப் பார்க்கும் பீரங்கி மேடையையும், முதுகுப்பக்கம் நீங்கள் இப்போதுதான் ஓடி வந்த முகட்டையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். நான் எப்போதும் லாப்ரடார் வழியைத்தான் சொல்வேன். பெர்லேயர் ஓடைச் சதுப்பு மரங்களுக்கு நடுவே போகும் பலகைப்பாதை கால்களை ஆற்றிக்கொள்ளவும் நல்ல இடம், முடியும் இடத்தில் எம்ஆர்டியும் இருக்கிறது.

மூன்று பாதைக்கும் பொதுவாகச் சில வார்த்தை. வானம் இருண்டு இடி கேட்டால் முகட்டில் நிற்காதீர்கள், உடனே இறங்குங்கள். மழை பெய்த மறுநாள் காலையிலும் மரப்பலகை வழுக்கும். பிளாஸ்டிக் பையைக் கையில் ஆட்டிக்கொண்டு போனால் குரங்குகள் விடாது. புக்கிட் தீமா வனத்தில் மாலை ஏழு மணிக்கு மேல் அனுமதி இல்லை.

கென்ட் ரிட்ஜுக்குக் கிளம்புகிறவர்கள் ஒன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். புக்கிட் சண்டு பங்களாவில் உள்ள அருங்காட்சியகம் திங்கட்கிழமை மூடியிருக்கும், மற்ற நாட்களிலும் காலை ஒன்பதரைக்குத்தான் திறப்பார்கள். விடியலில் ஓடி முடித்துவிடுகிறவர்கள் அதைத் தவறவிடுகிறார்கள். எட்டரைக்குக் கென்ட் ரிட்ஜ் எம்ஆர்டியிலிருந்து கிளம்பினால், முகட்டில் நின்று நின்று வந்தாலும், கதவு திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும். மாற்றுச் சட்டை ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள், உள்ளே குளிர்சாதனம்.