இருபது ரூபாய் வேதவாசிப்பு அட்டை: ஒரு வருடம் முழுக்கப் பயன்படுத்திப் பார்த்தபின்

2024 டிசம்பர் கடைசி வாரம், காலண்டர் வாங்கலாம் என்று ஒரு கிறிஸ்தவப் புத்தகக் கடைக்குப் போயிருந்தேன். பில் போடும் மேசையில் வாக்குத்தத்த அட்டைகளுக்கும் சாவிக்கொத்துகளுக்கும் நடுவில் மூன்றாக மடித்த ஒரு அட்டை கிடந்தது. ‘மெக்ஷேன் வேதவாசிப்புத் திட்டம்’, ஒரு வருடத்தில் வேதாகமத்தை முழுக்க வாசித்து முடிக்கிறதற்கான அட்டவணை, விலை 20 ரூபாய். சில்லறை இல்லை என்று கடைக்காரர் இழுத்ததால் மீதிக்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டேன், அவ்வளவுதான் கதை. பெரிய தீர்மானமெல்லாம் இல்லை. தீர்மானம் எடுத்த வருடங்களில் நான் வேதாகமத்தின் இரண்டாம் புத்தகமான யாத்திராகமத்தைத் தாண்டியதும் இல்லை.

அட்டை எப்படி இருக்கிறது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வேதாகமத்துக்குள் செருகி வைக்கிற அளவு. ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நான்கு வாசிப்புகள், முதல் இரண்டுக்கு மேல் ‘குடும்பம்’, அடுத்த இரண்டுக்கு மேல் ‘தனி’ என்று தலைப்பு, பக்கத்தில் டிக் அடிக்க ஒரு குட்டிக் கட்டம். எழுத்து ரொம்பச் சின்னது, பஞ்சாங்கத்தின் ஓரத்தில் இருக்குமே அந்த மாதிரி. மேலே வழவழப்பான பூச்சு இருப்பதால் பால்பாயிண்ட் பேனா வழுக்குகிறது, ஜெல் பேனா எதிர்ப்பக்கத்தில் அப்பிக்கொள்கிறது. பென்சில்தான் சரி. லீப் வருடத்துக்கு பிப்ரவரி 29 கிடையாது, அன்றைக்கு விடுமுறை என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

திட்டத்தைப் போட்டவர் ராபர்ட் மரே மெக்ஷேன், ஸ்காட்லாந்தில் டண்டீ நகரத்து செயின்ட் பீட்டர்ஸ் ஆலயப் போதகர். 1842 டிசம்பர் கடைசியில், வருகிற வருடம் எல்லாரும் ஒன்றாக வாசிக்கலாம் என்று தன் சபையாருக்கு எழுதிக் கொடுத்தது இது. ஒரே வருடத்தில் பழைய ஏற்பாடு ஒரு தடவை, புதிய ஏற்பாடும், வேதாகமத்தின் பாட்டுப் புத்தகமான சங்கீதமும் இரண்டு தடவை முடியும். கணக்குப் போட்டுப் பார்த்தேன், மொத்தம் 1599 அதிகாரம் வருகிறது. செருப்புக் கடை விலை மாதிரி இருக்கிறது என்று மகள் சொன்னாள். ஒரு நாளைக்கு நான்கு சொச்சம். நான் வாசிக்கிற வேகத்தில் அரைமணி நேரம், பெரிய அதிகாரங்கள் வந்தால் நாற்பது நிமிடம்.

இதில் எனக்குப் பிடித்த விஷயம், நேர்கோட்டில் போகாமல் நான்கு முனையிலிருந்து ஒரே சமயத்தில் ஆரம்பிப்பது. ஜனவரி 1 அன்றைக்கு ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1. நான்குமே ஏதோ ஒன்றின் தொடக்கம், உலகம், இயேசுவின் பிறப்பு, சிறையிருப்பிலிருந்து திரும்பி வருதல், சபை. வழக்கமாக ஆதியாகமத்தில் ஆரம்பித்து வரிசையாகப் போகிறவர்கள் எங்கே படுத்துவிடுவார்கள் என்று நம் எல்லாருக்கும் தெரியும், லேவியராகமத்தில். இந்த அட்டையில் லேவியராகமம் மார்ச் கடைசியில் தொடங்குகிறது, ஏப்ரல் 1-லிருந்து பக்கத்திலேயே சங்கீதம் கூட வருகிறது. பலிமுறைகளும் தோல்வியாதியும் வாசித்துக் களைத்தவனுக்கு ஒரு சங்கீதம் என்பது, மத்தியான வெயிலில் பேருந்து ஏறினவனுக்கு ஜன்னலோர இடம் கிடைத்த மாதிரி.

ஏப்ரல் 15-ஐப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அந்த ஒரு நாளுக்காகவே இருபது ரூபாய் கொடுக்கலாம்.

அன்றைய தனி வாசிப்பு பிரசங்கி 2-ம் 1 தீமோத்தேயு 4-ம். பரிசுத்த வாரம், செவ்வாய்க்கிழமை. வீட்டுக்கு வெள்ளையடித்து முடித்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது, பெயிண்ட் வாசனை போகவில்லை. அந்த வாசனையில் உட்கார்ந்து ‘எனக்காக வீடுகளைக் கட்டினேன்’ என்று சாலொமோன் சலித்துக்கொள்வதை வாசித்துச் சிரித்தேன். அப்புறம் தீமோத்தேயு, ‘தேவபக்திக்கேதுவாக முயற்சிபண்ணு.’ ஞாயிறுபள்ளிக் காலத்திலிருந்து மனப்பாடமான வசனம். ‘முயற்சி’ என்றால் ஏதோ பொதுவாக முயன்று பார் என்றுதான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். கிரேக்கத்தில் அந்த இடத்தில் இருப்பது உடற்பயிற்சிக்கான சொல், ஜிம்னாசியம் என்கிற வார்த்தை வந்த அதே வேர். அடுத்த வசனத்தில் ‘சரீர முயற்சி அற்ப பிரயோஜனமுள்ளது’ என்று வருவது அதனால்தான். ஆக அந்த நிருபத்தை எழுதின பவுல் சொல்வது, மல்யுத்தக்காரன் தினமும் உடம்பைப் பழக்குகிறானே, அதுபோல பழக்கு என்று. எனக்கு ஒரே பெருமை, நான்தான் ஜனவரியிலிருந்து ஒரு நாள் விடாமல் பழக்குகிறேனே! வசனத்துக்குக் கீழே கோடெல்லாம் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன்.

ராத்திரி குடும்ப ஜெபம். அன்றைய குடும்ப வாசிப்பு லேவியராகமம் 19, சங்கீதம் 23, 24. எங்கள் வீட்டில் ஆளுக்கொரு வசனமாகச் சுற்றி வரும். 13-ஆம் வசனம் மகளுக்கு விழுந்தது, எட்டாம் வகுப்பு, வகுப்பில் வாசிக்கிற மாதிரி சத்தமாக வாசித்தாள்: ‘கூலிக்காரனுடைய வேலைக்கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது.’ வாசித்து முடித்ததும் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. வெள்ளையடித்தவருக்கு நான் 1,200 ரூபாய் பாக்கி வைத்திருந்தேன், ஜன்னல் கம்பியில் பெயிண்ட் சொட்டைத் துடைக்காமல் போய்விட்டார் என்கிற கோபத்தில், வந்து துடைத்தால்தான் பணம் என்று. அதற்கு முன்னால் இரண்டு தடவை போன் பண்ணியிருந்தார் மனிதர். அடுத்த வசனம் என் முறை, நாக்கு எழவில்லை. ஜெபம் முடிந்த கையோடு ஜிபேயில் அனுப்பினேன். ‘சரி சார்’ என்று பதில் வந்தது. கம்பியில் சொட்டு இன்னும் அப்படியே இருக்கிறது, அவர் வரவில்லை, நானும் கூப்பிடவில்லை.

காலையில் தேவபக்திக்குப் பயிற்சி செய் என்று தனியாக ஒருவனிடம் சொல்லிவிட்டு, அந்தப் பயிற்சி எந்த மாதிரி இருக்கும் என்பதை ராத்திரி வீட்டார் முன்னிலையில் காட்டுவது, இந்த நான்கு வரிசை அமைப்புக்குத்தான் வரும். எனக்குப் பிடித்த வசனங்களை நானே பொறுக்கி வாசித்திருந்தால் லேவியராகமம் 19 பக்கம் ஏன் போகப்போகிறேன்? வாட்ஸப்பில் காலையில் வருகிற பூப்படம் போட்ட வசனங்களில் கூலிபாக்கியைப் பற்றி ஒன்றுகூட இதுவரை எனக்கு வந்ததில்லை.

இதுவரைக்கும் சொன்னது நல்லது. இனிமேல் அந்தக் கட்டங்களைப் பற்றி.

ஏப்ரல் 30, எண்ணாகமம் 7. தெரிந்தவர்களுக்குத் தெரியும், 89 வசனம், பன்னிரண்டு பிரபுக்கள் பன்னிரண்டு நாளும் அதே காணிக்கையைக் கொண்டுவருவார்கள், வார்த்தைக்கு வார்த்தை அதே வெள்ளித் தாலம், அதே கலம், அதே தூபகரண்டி. ராத்திரி பதினொன்றரை மணி, கரண்ட் வேறு போய்விட்டது. இரண்டாம் பிரபுவரைக்கும் போன் வெளிச்சத்தில் வாசித்தேன், மீதிப் பத்துப் பேரை விட்டுவிட்டு டிக் அடித்துவிட்டேன். எல்லாம் ஒன்றுதானே என்று. அது ஒரு சின்ன விஷயம்தான், ஆனால் அன்றைக்குத்தான் எனக்கு வேண்டியது வசனம் அல்ல, டிக் என்று ஆகிவிட்டது. மே மாதத்தில் பிள்ளைகள் விடுமுறை, நாகர்கோவிலில் ஒரு கல்யாணம், எல்லாமாகச் சேர்ந்து பதினொரு நாள் விட்டுப்போனது. காலியாக இருக்கும் கட்டங்களைப் பார்க்கவே பிடிக்காமல், வட்டி கட்டுகிறவன் மாதிரி ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு அதிகாரம் என்று ஓட்டினேன். யாராவது பக்கத்தில் வந்து பேசினால் எரிந்து விழுந்தேன். அம்மா ஒரு நாள் பார்த்துவிட்டுக் கேட்டார்கள், ‘ஏல, நீ வேதம் வாசிக்கியா, பரீட்சைக்குப் படிக்கியா?’

அம்மாவுக்கு எந்த அட்டையும் கிடையாது. வாரநாளில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமை ஐந்து, ஆதியாகமத்தில் ஆரம்பித்து வெளிப்படுத்தல் வரைக்கும் வரிசையாக, கல்யாணமான வருடத்திலிருந்து இதுதான். வேதாகமத்தில் 1189 அதிகாரம், இந்தக் கணக்கில் வருடத்துக்கு 1199 வரும், பத்து மிச்சம். அந்தப் பத்து காய்ச்சலுக்கும் கல்யாணத்துக்கும் என்பார்கள். லேவியராகமத்தில் என்னம்மா செய்வீர்கள் என்று கேட்டேன். ‘மெதுவா வாசிப்பேன்’ என்றார்கள்.

அந்த மே மாத ஓட்டத்துக்கு அப்புறம்தான் இந்த மெக்ஷேன் யார் என்று தேடி வாசித்தேன். வாசித்ததும் அட்டை போட்டவர்கள்மேல் எனக்குக் கோபமே வந்தது. ஏனென்றால் மனிதர் திட்டத்தைக் கொடுக்கும்போதே அதனால் வரக்கூடிய ஆபத்துகளைத் தனியாக எழுதிக் கொடுத்திருக்கிறார். வெறும் சடங்காகிப் போகலாம், நான் வாசித்துவிட்டேன் என்கிற சுயநீதி வரலாம், கவனமில்லாமல் வாசிக்கத் தோன்றலாம், சிலருக்குச் சுமக்க முடியாத நுகமாகிவிடலாம். நான்கும் எனக்கு வந்தது, ஏப்ரல் 15 காலையில் இரண்டாவது, 30 ராத்திரி மூன்றாவது, மே முழுக்க முதலாவதும் நான்காவதும். இதை அட்டையின் பின்பக்கத்தில் நான்கே வரியில் போட்டிருக்கலாம். அங்கே என்ன போட்டிருக்கிறார்கள் தெரியுமா? ஒரு ரோஜாப் படம். மருந்துப் பாட்டிலைக் கொடுத்துவிட்டு, எத்தனை மில்லி என்று எழுதின சீட்டைக் கிழித்துக்கொண்ட மாதிரி.

இன்னொன்று. திட்டத்தை எழுதிக் கொடுத்த மெக்ஷேனே அதை முடிக்கவில்லை. டைபஸ் காய்ச்சல் வந்து 1843 மார்ச் 25-இல் இறந்துவிட்டார், வயது 29. திட்டம் ஆரம்பித்து 84-ஆவது நாள். அன்றைக்கு என்ன வாசிப்பு என்று என் அட்டையை எடுத்துப் பார்த்தேன், குடும்ப வரிசையில் யோவான் 15. திராட்சச்செடியும் கொடிகளும் வருகிற அதிகாரம், ‘என்னையல்லாமல் உங்களால் ஒன்றும் செய்யக்கூடாது’ என்கிற வசனமும் அதில்தான். நான் கொஞ்ச நேரம் அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன். மீதி 281 கட்டம் காலியாக இருக்கும்போதே போன ஒருவருடைய திட்டத்தை வைத்துக்கொண்டுதான் நான் பதினொரு கட்டத்துக்காக வீட்டில் சண்டை போட்டிருக்கிறேன்.

அதற்கப்புறம் முறையை மாற்றினேன். விட்டுப்போனால் போனதுதான், அன்றைய தேதிக்குரியதை மட்டும் வாசிப்பது. டிக் அடிப்பதை நிறுத்திவிட்டு, மனதில் நின்ற வசனத்தின் எண்ணை மட்டும் கட்டத்துக்குள் பென்சிலால் எழுதுவது, எதுவும் நிற்கவில்லை என்றால் காலியாக விடுவது. கட்டம் சின்னது, இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம். ஜூலையில் பாதிக் கட்டம் காலி. பரவாயில்லை, அது உண்மையான காலி.

அச்சுப்பிழை ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். நவம்பர் நடுவில் ஒரு நாள் ‘எபே. 8’ என்று போட்டிருக்கிறது. எபேசியர் நிருபத்தில் ஆறு அதிகாரம்தான். அது எபிரெயர் 8. நான் இரண்டு நிமிடம் என் வேதாகமத்தில்தான் பக்கம் கிழிந்துபோய்விட்டது என்று தேடிக்கொண்டிருந்தேன். கடையில் போய்ச் சொன்னதற்கு, ‘எல்லாரும் நவம்பர் வரைக்கும் வருவதில்லை சார், நீங்கள்தான் முதல் ஆள்’ என்றார்கள். பாராட்டா இல்லையா என்று இன்னும் புரியவில்லை.

போன் செயலியிலும் இதே திட்டம் கிடைக்கிறது, நானும் இரண்டு வாரம் வைத்துப் பார்த்தேன். எழுத்தைப் பெரிதாக்கலாம், வாசித்துக் காட்டவும் செய்யும், பேருந்தில் போகிறவர்களுக்கு வசதி. ஆனால் தொடர்ந்து எத்தனை நாள் வாசித்தீர்கள் என்று எண்ணிக்கொண்டே இருக்கிறது, ஒரு நாள் விட்டால் பூஜ்யத்துக்குப் போய்விடுகிறது. காகிதக் கட்டத்துக்கே நான் இந்தப் பாடு பட்டவன், எனக்கு அது ஆகாது.

யாருக்கு வாங்கிக் கொடுக்கலாம்? ஒரு தடவையாவது வேதாகமத்தை முழுக்க வாசித்தவர்களுக்குத் தாராளமாக. இப்போதுதான் விசுவாசத்துக்குள் வந்தவருக்கு நாளைக்கு நான்கு அதிகாரம் என்பது ரொம்ப அதிகம், தனி வாசிப்பு இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொல்லலாம். கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்மாருக்குப் பரிசாகக் கொடுத்துவிடாதீர்கள், பாவம். குடும்ப ஜெபத்தில் தினமும் என்ன வாசிப்பது என்று தெரியாமல் 23-ஆம், 91-ஆம், 121-ஆம் சங்கீதங்களையே சுற்றிச் சுற்றி வருகிற வீடுகளுக்கு ‘குடும்பம்’ வரிசை மட்டும் போதும், எங்கள் வீட்டில் அதுதான் நன்றாக நின்றது. திட்டத்துக்கு ஐந்துக்கு நாலரை, அட்டைக்கு இரண்டரை.

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எல்லாருமாக உட்கார்ந்து 2 நாளாகமம் 36-ம் வெளிப்படுத்தல் 22-ம் வாசித்து முடித்தோம். அம்மா அட்டையை வாங்கிக் கண்ணுக்குக் கிட்ட கொண்டுபோய்ப் பார்த்துவிட்டு, இதே மாதிரி எழுத்துப் பெரிதாகப் போட்டது இருந்தால் இந்த வருடம் தானும் பார்க்கலாம் என்றார்கள். மூன்று கடையில் கேட்டுவிட்டேன், இல்லை. எங்கேயாவது பெரிய எழுத்தில் பார்த்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். ரோஜாப் படம் இருந்தாலும் பரவாயில்லை.