தாத்தாவின் வாளை பாலிஷுக்குக் கொடுத்தேன்: பழைய ஆயுதம் வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

வீட்டில் பழைய வாளோ பிச்சுவாவோ குத்துவாளோ இருந்து, அதை பாலிஷ் போடக் கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள், கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். எனக்குப் போனது திரும்பி வராது.

தாத்தாவுக்கு அவருடைய தாத்தா வழியில் வந்த வாள் அது. அலகு இரண்டரை அடிக்குக் கொஞ்சம் குறைவு. இரும்புப் பிடியில் வெள்ளிக் கம்பி பதித்த கொடி வேலை. பிடிக்குக் கீழே அலகில் நகக்கண் அளவுக்கு ஒரு முத்திரை. வருஷா வருஷம் ஆயுத பூஜைக்கு எடுத்து, சந்தனம் குங்குமம் வைத்து, நுனியில் எலுமிச்சம்பழம் குத்தி நிறுத்துவோம். ஒரு வருஷம் மறுநாள் துடைக்க மறந்துவிட்டோம். இரண்டு நாள் கழித்துப் பார்த்தால், சாறு வழிந்த தடம் கறுத்து, அந்தக் கறுப்புக்குள் மெல்லிய வெள்ளை ரேகைகள். ஆற்று மணலில் தண்ணீர் வடிந்த பிறகு தெரியுமே, அப்படி. துடைத்தும் போகவில்லை.

அப்புறம்தான் தேடிப் படித்தேன். இரும்பை மூசையில், அதாவது உருக்கும் மண் குப்பியில் வைத்துக் கரியோடு சேர்த்து உருக்கிச் செய்த பழைய உருக்கு அது. கரிமம் சுமார் ஒன்றரை சதவீதம் இருக்கும். பக்குவமாகச் சூடேற்றி அடிக்கும்போது இரும்பும் கரிமமும் சேர்ந்த கார்பைடு துகள்கள் வரிசை கட்டி நிற்கும். அமிலம் பட்டால் சுற்றியுள்ள எஃகு கறுக்கும், அந்த வரிசை மட்டும் வெளுப்பாக நிற்கும். ஈரோடு மாவட்டம் கொடுமணலிலும், தென்னாற்காட்டு மேல்சிறுவளூரிலும் இந்த உருக்குத் தொழிலின் தடயங்கள் கிடைத்திருக்கின்றன. ஐரோப்பாவில் இதற்கு ஊட்ஸ் என்று பேர். 1819-இல் மைக்கேல் ஃபாரடே இதைப் பகுத்தாய்ந்து கட்டுரையே எழுதினார். அப்பேர்ப்பட்ட பொருளைத்தான் நான் ஒரு பஃபிங் பட்டறையில், மோட்டார் சக்கரத்தில் தேய்த்துப் பளபளப்பாக்கும் இடத்தில், கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அரண்மனை வாள்களுக்கே வேலை செய்தவர் என்று தெரிந்தவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். நான் தெளிவாகத்தான் சொன்னேன்: துரு மட்டும் போகணும், ரேகை தெரியணும், முத்திரையைத் தொடக்கூடாது. "கவலையே படாதீங்க சார், கண்ணாடி மாதிரி குடுக்கிறேன்" என்றார். அந்தக் கண்ணாடி என்ற சொல்லிலேயே நான் வாளைத் திருப்பி வாங்கியிருக்க வேண்டும். கூலி 14,000 ரூபாய், பாதி முன்பணம், ரொக்கம். ரசீது இல்லை. மூன்று வாரம் என்றது இரண்டரை மாதம் ஆனது.

திரும்பி வந்தது கண்ணாடிதான். என் முகம் அதில் தெரிந்தது. முத்திரை இருந்த இடத்தில் விரலை வைத்துத் தடவினேன், வழவழவென்று இருந்தது. அலகு முழுக்க எமரி பட்டையில் தேய்த்து, பஃப் அடித்து, மேலே நிக்கல் முலாம். நுனிப் பக்கம் நான்கு விரல் அகலத்துக்கு, முலாம் சரியாகப் பிடிக்காத இடத்தில், நீலம் பாய்ந்திருந்தது. எஃகு கிட்டத்தட்ட 300 டிகிரி சூட்டைத் தொட்டால்தான் அந்த நீலம் வரும். அங்கே பழைய பதம், அதாவது அலகுக்கு ஏற்றியிருந்த கடினம், போய்விட்டது என்று அர்த்தம். பிடியை அலகோடு பிடித்து வைத்திருந்த பழைய அரக்கைச் சூடு காட்டிக் கழற்றிவிட்டு எபாக்ஸி பசையை ஊற்றியிருந்தார்கள். வெள்ளிக் கொடியில் பாதி இல்லை.

அவர் எதையும் ஒத்துக்கொள்ளவில்லை. "அலகு முதல்லயே இவ்வளவுதான் சார் இருந்துச்சு" என்றார். ஆனால் என்னிடம் ஒரு அத்தாட்சி இருந்தது. கொடுப்பதற்கு முன்பே இந்த வாளுக்கென்று தேக்கில் ஒரு தாங்கி செய்து வைத்திருந்தேன். அலகு அதன் பள்ளத்தில் பேப்பர் நுழையாத அளவுக்குச் சிக்கென்று உட்காரும். இப்போது வைத்தால் ஆடுகிறது. ஒரு ரூபாய் நாணயத்தை இடையில் செருக முடிகிறது.

அடுத்து மிரட்டல். புகார் கொடுத்தால் வாள் வைத்திருப்பதற்காக நீங்கள்தான் மாட்டுவீர்கள் என்றார். நம்பிவிடாதீர்கள். ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமான அலகுகள் ஆயுதச் சட்டத்தின் கணக்கில் வரும் என்பது சரிதான். ஆனால் துப்பாக்கிக்குப் போல எல்லா ஊரிலும் உரிமம் கட்டாயம் இல்லை, அரசு அறிவித்த பகுதிகளில் மட்டும்தான். உங்கள் ஊர் நிலவரத்தைக் கலெக்டர் அலுவலகத்தில் கேட்டு வைத்துக்கொண்டால் இப்படி யாரும் பயமுறுத்த முடியாது. அதுவும் பலிக்கவில்லை என்றதும் குரல் இறங்கி, வெளிநாட்டுப் பார்ட்டி ஒருவர் இருக்கிறார், நல்ல விலைக்கு முடித்துத் தருகிறேன் என்றார். நூறு வருஷத்துக்கு மேற்பட்ட தொல்பொருளைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவது 1972-ஆம் வருஷச் சட்டப்படி குற்றம். முத்திரையை ஏன் தேய்த்தார் என்ற சந்தேகம் எனக்கு அன்றுதான் வந்தது.

மீதிப் பணத்தை ஜிபேயில் அனுப்பியிருந்தேன், வாட்ஸ்அப்பில் பேசியதும் இருக்கிறது. அவற்றை வைத்து மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போட்டிருக்கிறேன். அது நடப்பதால் பட்டறையின் பேரை இங்கே போடவில்லை.

நீங்கள் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், முதலில் எடை போடுங்கள். அகலத்தை மூன்று இடத்தில் அளந்து, முத்திரையைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் படம் எடுங்கள். நான் எடுக்கவில்லை. செய்யப்போகும் வேலையை எழுதி வாங்குங்கள். மோட்டார் ஓடும் சக்கரம் எதுவும் அலகில் படக்கூடாது என்பதையும் அதில் சேருங்கள். உண்மையில் பெரும்பாலான வாளுக்கு இவ்வளவுகூட வேண்டாம். தையல் மிஷின் எண்ணெய், மிக மெல்லிய ஸ்டீல் வுல், பொறுமை, அவ்வளவுதான். தோல் உறைக்குள் போட்டு வைக்காதீர்கள், அது ஈரத்தை இழுத்து அலகுக்குக் கொடுக்கும். பூஜை முடிந்த அன்று இரவே சந்தனத்தைத் துடைத்துவிடுங்கள். எழும்பூர் அருங்காட்சியகத்தில் தஞ்சாவூர் அரண்மனை ஆயுதங்கள் இருக்கின்றன. பழைய வாள் எப்படி இருக்க வேண்டும் என்பதை அங்கே போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள். ஒன்றுகூடக் கண்ணாடி மாதிரி இருக்காது.

ரேகை எஃகின் உள்ளேயே ஓடுவதால், முலாமை எடுத்துவிட்டுக் கையால் தேய்த்து அமிலம் காட்டினால் திரும்பத் தெரியும் என்று விஷயம் தெரிந்தவர் ஒருவர் சொல்லியிருக்கிறார். முத்திரைக்கு வழியில்லை. எட்டு இதழ் பூ, அதன் கீழே மூன்று எழுத்து, நடு எழுத்து மட்டும் தேய்ந்திருக்கும். உங்கள் வீட்டு வாளில் இப்படி ஒன்று இருந்தால் எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.