சொடுக்கினால் சூடாகும் பை: நெடுநாள் பயன்படுத்திய பிறகு

கழுத்து வலிக்கு, உள்ளே உலோகத் தகடு வைத்த ஹீட் பேக் வாங்கலாமா என்று நண்பர் கேட்டார். சொடுக்கினால் சூடாகுமே, அந்த வகைதான். வெகுகாலமாக என்னிடம் ஒன்று இருக்கிறது.

பிடித்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். பைக்குள் இருப்பது சோடியம் அசிடேட்டும் நீரும். நீரோடு சேர்ந்த அந்த உப்பு 58 டிகிரி செல்சியஸில் உருகும். உருகியதை அசைக்காமல் ஆறவிட்டால், அறையின் சூட்டுக்கு இறங்கிய பிறகும் உறையாமல் திரவமாகவே கிடக்கும். தகட்டைச் சொடுக்கியதும் அங்கே ஒரு படிகம் பிடிக்கிறது. சில விநாடிகளில் வெண்மை பை முழுக்கப் பரவுகிறது. உருகும்போது வாங்கி வைத்த வெப்பம், கிலோவுக்கு 260 கிலோஜூலுக்கு மேல், அப்போதுதான் வெளியே வருகிறது. பையின் சூடு ஐம்பது டிகிரியைத் தாண்டிவிடும்.

வெந்நீர்ப் பை, கழுத்தில் வைத்த கணத்திலிருந்தே ஆறத் தொடங்கும். இது உறைந்து முடியும்வரை ஏறக்குறைய ஒரே சூட்டில் நிற்கிறது. பனிக்கட்டி முழுதும் உருகும்வரை அதன் வெப்பநிலை ஏறுவதில்லை என்பதை ஜோசப் பிளாக் என்ற வேதியியலாளர் 1760-களில் ஆராய்ந்து, உள்ளுறை வெப்பம் என்று விளக்கினாரே, அதே விஷயம் இங்கே எதிர்த்திசையில் நடக்கிறது. அந்த ஒரே சீரான சூடு வலிக்கு அவ்வளவு இதம்.

சரி, இனி கோபம். திரும்பத் தயார் செய்ய, பாத்திரத்தின் அடியில் துணி போட்டு, பையைக் கொதிநீரில் வேகவைக்க வேண்டும். தகடு இருப்பதால் மைக்ரோவேவில் வைக்கக் கூடாது. பையோடு வந்த தாளில் 'தெளியும்வரை கொதிக்க வைக்கவும்' என்று ஒரே வரி. எது தெளிவு? தையல் மூலையிலோ தகட்டின் ஓரத்திலோ கண்ணுக்குத் தெரியாத ஒரு துளி படிகம் மிஞ்சினால் போதும், ஆறும்போது முழுப் பையும் தானாகவே உறைந்துவிடும். ஏற்றிய வெப்பமெல்லாம் யாருக்கும் உதவாமல் அடுப்படியிலேயே போய்விடும். காலையில் கல்லாகக் கிடக்கும் பையைப் பார்க்கும்போது வருகிற எரிச்சல் எனக்கு இன்னும் குறையவில்லை. இந்த எச்சரிக்கையைக் கொட்டை எழுத்தில் போட்டிருக்க வேண்டாமா? தெளிந்த பிறகும் சில நிமிடம் கூடுதலாகக் கொதிக்கவிடுவதுதான் வழி.

அப்புறம், சொடுக்குவதற்கு முன்பே கழுத்துக்கு ஏற்றபடி வளைத்துக்கொள்ளுங்கள், உறைந்தபின் வளையாது. துணி சுற்றாமல் தோலில் வைக்காதீர்கள். கடுங்குளிரில் பலனும் குறைவு: வெளிவரும் வெப்பத்தில் பெரும்பங்கு, சில்லிட்ட பை தன்னைச் சூடாக்கிக்கொள்ளவே போய்விடும். சூடு அதிகம் தேவைப்படும் நேரத்தில் குறைவாகத் தருவது நியாயமே இல்லை.

நண்பருக்கு என் பதில்: வேண்டாம். தினமும் வலி இருப்பவர் அடுப்பின் முன்னால் காவல் நிற்க முடியாது. மின்சாரத்தில் இயங்கும் ஒத்தடப் பட்டை வாங்கிக்கொள்ளட்டும். என்னுடையது கிழிந்தால், நான் இதையேதான் மறுபடி வாங்குவேன்.